மூன்று மாத ராஜாவின் மூன்று துண்டுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை நகைப் பத்தர் இழுப்பறையில் கையை விட்டுத் துழாவி, கறுத்துப்போன ஓர் அரக்குக் கட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரக்கின் மேல் ஒரு முகம் பள்ளமாகப் பதிந்திருந்தது. தடித்த கழுத்து, சிறிய வாய், தலைமுடி மட்டும் வரிவரியாக, நாற்று நட்ட வயல் மாதிரி. சொந்த முடி அப்படிப் படியாது. அது சவுரி. கரூரில் காசு சேர்க்கிற வாத்தியார் ஒருவர் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார், அந்த ராஜாவுக்கு வழுக்கை, பொய்முடி வைத்திருந்தான் என்று. வருஷக்கணக்காக நான் தேடுகிற ஆள் இந்த அரக்குக்குள் படுத்திருக்கிறான்.

யாரைத் தேடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரோமாபுரியில் வரிசையாக ஆண்ட பன்னிரண்டு ராஜாக்களின் காசை ஆளுக்கு ஒன்றாகச் சேர்ப்பது இந்தப் பைத்தியம் பிடித்தவர்களின் வழக்கம். அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கல்லையும் துணியையும் மிளகையும் வாங்கிப் போனவர்கள் கொடுத்த காசுதான் அதெல்லாம். உழும்போதும் ஆற்று மணலைச் சலிக்கும்போதும் இன்றைக்கும் ஒன்றிரண்டு அகப்படுகிறது. என்னிடம் பதினொரு ராஜாக்கள் இருக்கிறார்கள், எல்லாம் முறையாக எழுதிப் பதிந்து வைத்தவை. பன்னிரண்டாமவன் ஆண்டது மூன்றே மாதம். அதற்குள் எத்தனை காசு அடித்திருப்பான்? அவன் பெயர் என் வாயில் நிற்பதில்லை. மூன்று மாத ராஜா என்றே சொல்லுவேன்.

எங்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். என் வீட்டுக்காரர் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்க்கிணறு போட்டவர். அப்படிப் போன இடத்தில் ஒரு தோட்டக்காரர் கொடுத்த வெள்ளிக்காசில் இருந்த முகம் என் மாமனார் கோபமாக இருக்கும்போது இருக்கிற மாதிரியே இருந்தது. சிரித்து முடிக்கவில்லை, அடுத்த முகம் எப்படி இருக்கும் என்று மனசு கேட்க ஆரம்பித்துவிட்டது. சில பேர் பட்டுச்சேலை வாங்கி அடுக்குகிறார்கள், சில பேர் ஊர் ஊராகக் கோயிலுக்குப் போகிறார்கள். எனக்கு இது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்தைப் பார்த்து அல்ல, மூக்கையும் கழுத்தையும் பார்த்துத்தான் ராஜாக்களை அடையாளம் சொல்லுவேன். யாரும் இதுவரை என்னைத் தப்பு என்று சொன்னதில்லை.

“காசு எங்கீங்க பத்தரே?” என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். எடப்பாடியில் தறி வைத்திருந்த ஒருவர் இறந்துபோனார். மூன்று பெண்கள். அவர் விட்டுப்போன தங்கம் ஏழு காசு. ஆறு வெள்ளைக்காரன் பவுன், ஒன்று இது. ஆளுக்கு இரண்டு போக இது மீந்துவிட்டது. ஒருத்தி எடுத்துக்கொண்டு மற்ற இருவருக்கும் ரொக்கம் கொடுக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேருமே ரொக்கம் வேண்டாம், அப்பன் தங்கம்தான் வேண்டும் என்று நின்றுவிட்டார்கள். உருக்கினால் சேதாரம் போகும், அதுவும் கூடாதாம்.

“அதனால மூணாப் போட்டுட்டனுங்க” என்றார் பத்தர். “தராசுல வச்சுப் பாத்தா ஒருத்திக்கும் மயிரிழை கூடாது கொறயாது. முகம் சின்னவளுக்குப் போச்சு, பின்னந்தல மூத்தவளுக்கு, கழுத்தும் எழுத்தும் நடுவளுக்கு. வெட்டறதுக்கு முந்தி மனசு கேக்காம அரக்குல ஒரு அழுத்து அழுத்தி வச்சேன்.”

நூறு தலைமுறை மண்ணுக்குள் முழுசாக இருந்தவனைப் பாகப்பிரிவினையில் கூறு போட்டிருக்கிறார்கள். ஆனால் துண்டானாலும் அவன் அவன்தான். மூன்றையும் வாங்கிச் சேர்த்து வைத்தால் பன்னிரண்டும் நிறைந்துவிடும். என் கைவளையல் ஒன்றைக் கழற்றி அங்கேயே நறுக்கச் சொன்னேன். கால் பவுனுக்குச் சற்று மேலாக மூன்று துண்டு, அவர் அன்றைக்கு வெட்டிய அதே எடை. தங்கம்தான் வேண்டும் என்றவர்களிடம் தங்கத்தோடுதான் போகவேண்டும்.

மகன் காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். மாட்டேன் என்றேன். டிரைவர் நான் எங்கே நின்றேன், யார் வீட்டில் என்ன தின்றேன் என்பதை எல்லாம் மருமகளிடம் ஒப்பிப்பான். பஸ் அப்படி இல்லை.

மறுநாள் எடப்பாடி. சங்ககிரியில் மாறி ஏறியது டவுன் பஸ். பெண்களுக்குச் சும்மாதான் என்று கண்டக்டர் ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினான். நான் யாருக்கும் சும்மா வரவில்லை, காசை வாங்கிக்கொள் என்றேன். வாங்கினால் என் வேலை போய்விடும் என்றான். அப்படியானால் என்னை ஆம்பளை என்று எழுதிக்கொள் என்றேன். பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டில் இருந்த ஒருத்தி, “ஏனுங்காத்தா, அந்தக் காசுக்கு எனக்கு ஒரு காப்பித்தண்ணி வாங்கிக் குடுங்களே” என்றாள். இறங்கினதும் வாங்கிக் கொடுத்தேன். அவளும் குடித்தாள்.

எடப்பாடியில் இறங்கினால் காதுதான் முதலில் ஊரைக் கண்டுபிடிக்கும். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். எங்கள் பக்கத்தில் ரிக் வண்டியின் கம்ப்ரசர் சத்தம் ஒரு வாரம் வந்தால் அடுத்த வாரம் போய்விடும். இங்கே அது வீட்டோடு குடியிருக்கிறது. பேசுகிறவர்கள் எல்லாம் தறிக்கு மேலே குரலைத் தூக்கிப் பேசிப் பழகி, சும்மா சாப்பிட்டாயா என்று கேட்பதே சண்டை மாதிரி இருக்கிறது.

மூத்தவள் கமலம். என் வயசுக்கு ஐந்தாறு குறைவாக இருக்கும். வாசலில் பாவு நூல் கோத்துக்கொண்டிருந்தவள், விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே கூட்டிப்போய்ச் சோளப்பணியாரம் வைத்தாள். சூடு, வெங்காயம் தூக்கல், தொட்டுக்கொள்ளக் காரச்சட்னி. நான் தின்றுகொண்டிருக்கும்போதே அவளும் அவள் வீட்டுக்காரரும் என் எதிரிலேயே அவர்கள் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அவர் சொன்னார்: இந்தக் கிழவிக்கு மூளை கலங்கியிருக்கிறது, சுத்தத் தங்கம் தருகிறாள், பழசைத் தள்ளிவிடு. அவள் சொன்னாள்: தள்ளிவிடுவேன், ஆனால் இவள் எடுத்துப் போய் அந்த ஆத்தூர்க்காரி சின்னவளிடம் கொடுத்துவிட்டால்? அவர் சொன்னார்: கொடுத்தால் என்ன, மூக்கோடு மண்டையையும் அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நான் பணியாரத்தை முழுங்கிவிட்டு, மூளை கலங்கவில்லை அப்பா, சட்னியில்தான் உப்புக் கம்மி என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னேன். கொள்ளேகாலம் பக்கம் ரிக் வண்டியோடு நான் குடித்தனம் பண்ணின காலம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? மனுஷன் தறிப்பக்கம் போனவர் திரும்பி வரவே இல்லை. கமலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் பெட்டியைத் திறந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்தாள்.

பின்னந்தலைத் துண்டு. வரிவரியாக அந்தச் சவுரி. வெட்டின விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது. என் வளையல் துண்டை வாங்கிக் கையில் எடை பார்த்தவள், “அம்மணி, நீங்க மூணையும் சேத்திருவீங்களா?” என்றாள்.

“அதுக்குத்தான வந்திருக்கறேன்.”

“சின்னவ குடுக்க மாட்டா. அவ பங்குக்கு முகம் வந்துது. அன்னையிலிருந்தே நாங்க அவளுக்கு வெறும் மண்டைதான்.”

திரும்பும்போது பஸ் பஞ்சர். சங்ககிரிக்கு இந்தப் பக்கம் வெயிலில் இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் அடுத்த வண்டிக்கு நின்றார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. மடியில் பாதி மண்டையை வைத்துக்கொண்டு ஒருத்தி சும்மா நிற்க முடியுமா? நடக்க ஆரம்பித்தேன். ஒரு லாரிக்காரன் நிறுத்தி, எந்த ஊருங்க ஆத்தா என்று கேட்டு ஏற்றிக்கொண்டான். எங்கள் ஊரைச் சொன்னதும் எங்கள் பழைய ரிக் வண்டியின் பெயரைச் சொன்னான். அவன் அப்பன் அதை ஓட்டியவனாம். அதற்குமேல் என்னை முன்சீட்டில் ராணி மாதிரிக் கொண்டுவந்து விட்டான். ராணிக்கும் இடுப்பு வலிக்கும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் ஆட்டையாம்பட்டி. நடுவள் தனம் அங்கே முறுக்குப் போடுகிறாள். ஆட்டையாம்பட்டி முறுக்கைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் அதை ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விரலாலேயே சுற்றுவதை நான் அன்றுதான் பார்த்தேன். தனம் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. எண்ணெய் காய்ந்திருக்கிறது, பேச்செல்லாம் ஈடு இறக்கினப்புறம்தான் என்றாள். சும்மா உட்கார எனக்கு வரவில்லை. மாவை எடுத்து நானும் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் அறுந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடி அறுந்தது.

“ஏனுங்க பெரியம்மா, அது முறுக்கா மண்புழுவா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு இருநூறு பேருக்கு நானே நின்று சமைத்தவள். எழுந்து கையைக் கழுவிவிட்டேன். தனம் மட்டும் சிரிக்கவில்லை. அறுந்துபோன என் முறுக்கையும் எண்ணெயில் போட்டு எடுத்து, ஒரு தட்டில் வைத்து என்னிடமே கொடுத்தாள். ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

அவள் பங்கு பேரன் அரைஞாண் கயிற்றில் தாயத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தும், கழுத்துக்குக் கீழே நாலைந்து எழுத்தும். கத்தரிக்கோலால் நறுக்கிக் கொடுத்துவிட்டு, என் தங்கத்தை அதே இடத்தில் முடிந்தாள். குழந்தைக்கு வித்தியாசம் தெரியவில்லை. தனம் நீளமாகப் பேசுகிறவள் இல்லை. வாசல் வரைக்கும் வந்து நின்று, ஆத்தூருக்கா போகிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“அவகிட்ட நான் எதுவும் கேட்டன்னு சொல்லாதீங்க. ஆளு எளச்சிருக்காளா, தலை நரச்சிருச்சான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அவ ஊட்டுக்காரரு போனப்பறம் கடை வச்சிருக்காளாம். அதுவும் மூணாம் மனுசங்க சொல்லித்தான் தெரியும்.”

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். வெட்டு வாயும் வெட்டு வாயும் கச்சிதமாகப் பொருந்தின. முகம் இருக்கவேண்டிய இடத்தில் என் சேலைத் துணி தெரிந்தது. விடிந்ததும் முதல் பஸ்.

ஆத்தூர் எனக்கு வெளிநாடு மாதிரி. அதே சேலம் ஜில்லாதான், ஆனால் வாழப்பாடி தாண்டினாலே பேச்சு மாறிவிடுகிறது. ‘ங்க’ குறைந்துபோய், எல்லாரும் நம்மை அதட்டுகிற மாதிரி இருக்கிறது. அவர்களுக்கு நாம் கெஞ்சுகிற மாதிரி இருக்குமோ என்னவோ. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைக்கும் ஆலைப் பக்கம் பஸ் போனபோது புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்து மூக்கைப் பிடித்தது. களம் களமாக ஜவ்வரிசி காய்கிறது. வெள்ளை வெளேரென்று, கண் கூசுகிறது. எங்கள் பக்கம் களத்தில் காய்வதெல்லாம் கறுப்பும் பழுப்பும்தான்.

ஆலையில் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் நாலு பேர் என் பின்னால் உட்கார்ந்து இந்தியில் பேசி என்னைக் காட்டிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரியைக் கேட்டேன். அவள் ஆலையில் கங்காணி. ஒருவன் சொன்னானாம், இந்தப் பாட்டி மடியை இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறதே, உள்ளே கோழிக்குஞ்சு வைத்திருக்கிறதோ என்று. இன்னொருவன் சொன்னானாம், சிரிக்காதே, எங்கள் பாட்டியும் இப்படித்தான், பஸ்ஸில் வந்தால் மடியைத்தான் பிடித்துக்கொள்ளும் என்று. திரும்பி அவனுக்கு ஆட்டையாம்பட்டியில் வாங்கி வைத்திருந்ததில் ஒரு கைமுறுக்கு கொடுத்தேன். முதலில் பேசினவனுக்கும் கொடுத்தேன், சின்னதாக.

சின்னவள் சரசு. அவள் வீடு மெயின் ரோட்டு ஓரத்திலேயே இருந்தது. முன்பக்கம் கூரை இறக்கி இட்லிக்கடை. பின்னால் தளம் போட்ட வீடு. வாசக்கால் மட்டும் நல்ல தேக்கில், மஞ்சள் பூசி, மாவிலை காய்ந்து தொங்கியது. அதற்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடும் ஏதோ எழுத்தும் கிறுக்கியிருந்தார்கள்.

ஆள் இளைத்திருந்தாள். தலை முழுசும் நரைத்துவிட்டது. அக்காமார்கள் இன்னும் ஊடு என்று சொல்கிறார்கள், இவள் வாயில் அது வூடு ஆகிவிட்டது. நான் வந்த காரியத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நான் வளையல் துண்டை எடுத்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

“நீங்க அதைத் தாண்டித்தாம்மா உள்ள வந்தீங்க” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் வாசக்காலைக் காட்டினாள். இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான்: வாசக்கால் நிறுத்தும்போது அடியில் நவதானியமும் ஒரு பொட்டுத் தங்கமும் மஞ்சத்துணியில் முடிந்து வைத்து அதன் மேல் நிலையை நிறுத்துவார்கள். இவள் கையில் இருந்த இரண்டு பவுனும் அதற்குள் கல்லாகவும் மண்ணாகவும் போய்விட்டன. வீட்டுக்காரர் படுக்கையில். கடைசியாக மிச்சம் இருந்த தங்கம் இந்த முகம்தான்.

“அக்காளுங்க ரெண்டு பேரையும் வாசக்காலுக்குக் கூப்ட்டேன். வரல. சரி, அப்பாவோடது இது ஒண்ணாவது நிக்கட்டும்னு வச்சேன்.”

மூன்று மாத ராஜா ரோமாபுரியிலிருந்து கப்பல் ஏறி வந்து ஆத்தூர் இட்லிக்கடைக்கு வாசக்கால் தாங்கிக்கொண்டிருக்கிறான். எடுக்க வேண்டும் என்றால் நிலையைப் பெயர்க்க வேண்டும். யார் பெயர்ப்பார்கள்? நான் கேட்கவும் மாட்டேன். அவ்வளவு தூரம் நான் இறங்குகிறவள் இல்லை. எழுந்திருக்கப் பார்த்தேன். சரசு விடவில்லை. சாப்பிட்டுப் போங்கள் என்றாள். இட்லி மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் எந்த அரிசி போட்டாலும் அந்தப் பதம் வராது. கடலைச் சட்னி, ஒரு கரண்டி குடல் குழம்பு. நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“அந்தச் செவப்புக் கோட்டைப் பாத்தீங்களா? ரோட்டை அகலம் பண்றாங்களாம். அளந்துட்டுப் போய்ட்டாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் போயிடும். வாசக்காலு, கடை, முன்ரூமு. அப்ப அது வெளிய வரும்மா. வந்தா உங்களுக்குத்தான். வேற யாருக்கும் தர மாட்டேன், இது சத்தியம்.”

எனக்கு வாய்க்குள் இருந்த இட்லி இனித்த மாதிரி இருந்தது. எப்போது என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி என் காதிலேயே விழுந்தது. சரசு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

“எப்பன்னு தெரியாது. நான் தெனமும் சாமிகிட்ட வேண்டாம்னு வேண்டிக்கறேன். நீங்க என்ன வேண்டிக்குவீங்கம்மா?”

குத்தலாகக் கேட்கவில்லை. எள்ளைக் காயப்போட்டாச்சா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் தண்ணீரைக் குடித்தேன். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, என் தங்கத் துண்டைத் திரும்ப முடிந்துகொண்டு வெளியே வந்தேன். வாசக்காலைத் தாண்டும்போது காலை வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கினேன்.

சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ரோட்டு ஓரத்து வீடுகளை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். சிவப்புக் கோடு போட்ட வீடுகள், கோட்டுக்குத் தப்பின வீடுகள். ஒரு வீட்டில் சுவரை ஏற்கெனவே பாதி இடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனசு, சரி, ஆரம்பித்துவிட்டார்கள், இங்கிருந்து அங்கே போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று தானாகவே யோசித்தது. ஜேசிபி ஒன்று ஓரமாக நின்றது. அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

முன் சீட்டில் இரண்டு பேர். வேட்டி கட்டின ஒருவர் சொன்னார், ஆத்தூர்ப் பக்கம் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுத்திருக்கிறார்கள், ரோட்டை எதிர்ப் பக்கம் தள்ளிப் போடப் போகிறார்களாம், அந்தப் பக்கம் வெறும் புறம்போக்குத்தானே என்று. இன்னொருவர், அப்படி நடந்தால் நல்லதுதான், எத்தனை குடும்பம் பிழைக்கும் என்றார்.

எனக்கு நெஞ்சு சப்பென்று ஆகிவிட்டது. கையில் வந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி. எதிர்ப் பக்கம் எதற்குத் தள்ளவேண்டும், அளந்தது அளந்ததுதானே என்று அந்த வேட்டிக்காரரிடம் கேட்கவே வாயைத் திறந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, “உங்க வூடும் போகுதாம்மா?” என்று கேட்டார். பரிதாபமாகக் கேட்டார். நான் இல்லை என்றேன்.

மடியில் கை வைத்தேன். இரண்டு துண்டும் சேலைக்கு மேலேயே தெரிந்தன. இதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் மகன் பேப்பர் படிக்கும்போது ரோட்டைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்பேன். போட்டிருந்தால் சந்தோஷப்படுவேன். போன் அடித்தால் ஓடுவேன். ஒரு பொம்பளை தனியாகக் கட்டின வீடு இடிகிற செய்திக்காக நான் குளித்து முழுகித் தயாராக உட்கார்ந்திருப்பேன். அவள் கையால் இட்லி தின்று இன்னும் ஏப்பம் கூட வரவில்லை.

வாழப்பாடியில் பஸ் நின்றது. இறங்கிவிட்டேன். கண்டக்டர், சேலத்துக்குத்தானே சீட்டு என்று கத்தினான். எதிர்ப் பக்கம் போய் நின்றேன். ஆத்தூர் பஸ் ஒன்று கூட்டமாக வந்தது, அடுத்தது நிற்காமல் போனது, மூன்றாவதில் நின்றுகொண்டே போனேன்.

சரசு மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“எதை மறந்துட்டுப் போனீங்கம்மா?”

மறக்கவில்லை என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்து இரண்டு துண்டையும் அவள் ஈரக்கையில் வைத்தேன்.

“இதை நீயே வச்சுக்க சாமி. நாளைக்கு ரோடு வந்து அது வெளிய வந்தாலும் எனக்குப் போன் பண்ண வேண்டாம்.”

“ஏம்மா, எம்மேல கோவமா?”

“உம்மேல என்ன கோவம். இது எம்மடியில இருந்தா உன் ஊடு எப்ப இடியும்னு எம்மனசு கேட்டுக்கிட்டே கெடக்குது. வாழப்பாடி வரைக்கும் கேட்டுக்கிட்டு வந்துச்சு. அப்படிப்பட்ட மனசோட நான் எங்கூட்டு வாசப்படி ஏற மாட்டேன்.”

அவள் இரண்டையும் உள்ளங்கையில் ஒட்டி வைத்துப் பார்த்தாள். அக்காமார்களின் பங்கை அவள் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும். முந்தானையால் துடைத்தாள், மறுபடி பார்த்தாள்.

“அவங்க எனக்குன்னு குடுத்தாங்களா?”

“இல்ல. எனக்குத்தான் குடுத்தாங்க. நான் உனக்குத் தாரேன்.”

“உங்க வரிசை பதினொண்ணோட நின்னுடுமே.”

“நிக்கட்டும். நின்னா என்ன, ராஜாக்க பதினொரு பேருதான்னு நான் சொன்னா இல்லங்கறதுக்கு யாரு இருக்கறா?”

அப்போது ஜவ்வரிசி மூட்டை ஏற்றின லாரி ஒன்று ரோட்டில் போனது. கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் கடகடவென்று ஆடின. கூரையிலிருந்து தூசி கொட்டியது. பார்த்தீர்களா, லாரி போனாலே வீடு ஆடுகிறது என்றாள் சரசு, பாதி சிரிப்பும் பாதி பயமுமாக. நான் வாசக்காலில் கையை வைத்துப் பார்த்தேன். லாரி தாண்டுகிற வரைக்கும் எடுக்கவில்லை.

“பாத்திரந்தான் ஆடுது. இது ஆடல” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.